வயிற்றுப் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

(கல்முனையில் நடந்த சங்கத்தின் மகளிர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



தலைமை தாங்கும் சகோதரி அவர்களே, மலையிலிருந்து இரவு பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, கரும்புக் காணிகளில் வேலை செய்யும் இந்தக் கரையோரச் சகோதரிகளே, தோழர்களே!

கூட்டம் என்றால் நாம் சம்பளம் பற்றித்தான் பேசுவோம். இன்று ஒரு பயத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். வீட்டிலே மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் உடம்பெல்லாம் பரு. தாய் இரண்டு மாதக் கர்ப்பிணி. "என் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமா?" இந்தக் கேள்வி லயத்திலும் கேட்கிறது, சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கேட்கிறது. தோட்டப் பாடசாலைகளுக்குப் படிப்பிக்க வரும் இவ்வூர் ஆசிரியைகளுக்கும் அதே கேள்விதான். பதிலுக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நாம் தெரிந்துவைத்திருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

முதலில் ருபெல்லா. ஜேர்மன் சின்னமுத்து என்பதும் இதுதான். பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சல், சிவந்த பரு, மூன்று நாளில் போய்விடும். தாய்க்கு வந்தாலும் அப்படித்தான். வந்ததே தெரியாமலும் போகலாம். ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் தாய்க்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பாதிக்கப்படலாம். கண்ணில் புரை, காது கேளாமை, இருதயக் குறை. 20 வாரங்களுக்குப் பின் இந்த ஆபத்து மிக அரிது.

இதை உலகுக்குச் சொன்னவர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக். கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகள் அவரிடம் அடுத்தடுத்து வந்தார்கள். தாய்மார் தமக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. மாசமாக இருந்தபோது தங்களுக்கு ருபெல்லா வந்ததாக அவர்கள் சொன்னார்கள். அவர் விசாரித்தார், கணக்கெடுத்தார், 1941இல் வெளியிட்டார். தாய்மாரின் பேச்சைக் காதில் வாங்கியதால் வந்த கண்டுபிடிப்பு அது. "பொம்பளைகளின் வெட்டிப் பேச்சு" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எமது நாட்டிலும் 1990களின் நடுப்பகுதியில் ருபெல்லா பரவி, பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். அதன் பின் 1996இல் 11 முதல் 44 வயது வரையான பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி வந்தது. 2001இல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, ருபெல்லா இரண்டுக்கும் சேர்ந்த ஊசி வந்தது. இப்போது 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். போடுகிறார்கள். இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. ஒவ்வொரு வீட்டுத் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போனதால் கிடைத்த வெற்றி இது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939இல் வந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் விடுமுறை உண்டு. போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அந்த விடுமுறை தொடங்குவது பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்புதான். ருபெல்லாவின் ஆபத்தோ முதல் 12 வாரத்தில். அப்போது வயிறு தெரியாது. கங்காணிக்குச் சொல்லியிருக்க மாட்டோம். சில வேளை எமக்கே தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்றக்கூடியவை இரண்டே இரண்டு: அவள் முன்கூட்டியே போட்டுக்கொண்ட ஊசி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போடப்பட்ட ஊசி. கர்ப்பமான பின் இந்த ஊசி போட முடியாது. ஆகவே கல்யாணம் முடிந்தவுடன் எம்.ஓ.எச். காரியாலயத்தின் புதுமணத் தம்பதியர் கிளினிக்குக்குப் போய், ருபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கொப்புளிப்பான். தோட்டத்தில் "அம்மா போட்டிருக்கு" என்போம். இதற்கான ஊசி எமது அரசாங்கத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. அதனால் இன்று நாம் அதிகம் சந்திப்பது இதைத்தான். சூடான நாடுகளில் சிறு வயதில் இது வராமல், வளர்ந்த பின் வருகிறவர்கள் நிறையப் பேர்.

உங்களுக்கு முன்பே வந்து போயிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. வராதவர் என்றால், நோயுள்ள பிள்ளையோடு ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே அன்றைக்கே மருத்துவ மாதுவுக்குச் சொல்லுங்கள். பரு வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை செய்யலாம். தேவைப்பட்டால் வைத்தியர் தரும் ஊசியோ மாத்திரையோ சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பயன். முதல் 20 வாரத்தில் தாய்க்கு நோய் வந்தாலும், வயிற்றுப் பிள்ளை பாதிக்கப்படுவது நூற்றில் ஒன்று இரண்டுதான். இதைச் சொல்லாமல் பயம் மட்டும் காட்டுவது பாவம். அதிகம் கவனிக்க வேண்டியது தாயின் நெஞ்சை. மூச்சு வாங்கினால், இருமல் கூடினால், காய்ச்சல் விடாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த குழந்தைக்கு ஆபத்து, அதுவும் தாமதிக்கக் கூடாது. போகுமுன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மற்றக் கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்கார்ந்தால் அவர்களுக்கும் தொற்றும்.

நோய் விசாரிக்கப் போவது எமது நல்ல பழக்கம். ஆனால் பரு வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும் வரை இந்த நோய் தொற்றும். கர்ப்பிணி போகாமல் சலாம் சொல்லி அனுப்பினால் யாரும் குறை நினைக்கக் கூடாது. வேப்பிலை கட்டுவதை நாம் தடுக்கவில்லை. வேப்பிலையும் இருக்கட்டும், வைத்தியரும் வேண்டும்.

மூன்றாவது சின்னமுத்து. கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், குறை மாதத்தில் பிறக்கலாம். ஒழிந்துவிட்டது என்றிருந்த இந்த நோய் 2023இல் திரும்பி வந்தது. 2024 ஜனவரி 6ஆம் திகதி, ஒன்பது சுகாதார மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட்டார்கள். அந்த ஒன்பதில் கல்முனையும் ஒன்று. ஊசி போடாத பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் நோய் அங்கேதான் வழி தேடும்.

ஊசி ஹலாலா என்று சில உம்மாமார் கேட்கிறார்கள். கேட்பது தவறல்ல. இந்தோனேசியாவில் இதே கேள்வி எழுந்தது. அங்குள்ள உலமா சபை 2018இல் ஆராய்ந்து, அந்த ஊசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் இருப்பதைச் சொல்லி, ஆனாலும் வேறு மாற்று இல்லாத அவசியத் தேவையால் போடலாம் என்று அனுமதித்தது. சந்தேகம் இருந்தால் வீட்டில் வைத்துப் பூட்டாமல், உங்கள் மௌலவியிடமும் வைத்தியரிடமும் போய்க் கேளுங்கள்.

இப்போது எமது கோரிக்கைக்கு வருகிறோம். பருவுள்ள பிள்ளையோடு இருந்த கர்ப்பிணி மறுநாள் காலை ஏன் கிளினிக் போவதில்லை? பேர் போய்விடும். அரைப் பேர்தான் விழும். ஒரு நாள் கூலியா, வயிற்றுப் பிள்ளையா என்று ஒரு தாயைத் தெரிவு செய்ய வைப்பது நியாயமா?

ஆகவே கேட்கிறோம். கர்ப்பிணியின் கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் கர்ப்பிணியை, அங்கே பரு நோய் வந்தவுடன் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். தோட்டத்தில் பரு நோய் கண்டால் மருத்துவ மாதுவுக்கு அன்றே அறிவிக்க நிர்வாகம் ஒழுங்கு செய்ய வேண்டும். பாடசாலையில் கண்டால் தாய்மாருக்கு அன்றே சொல்வது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை. அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். 9 மாத ஊசி, 3 வயது ஊசி இரண்டுக்கும் திகதி எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் அடுத்த கிளினிக் நாளிலேயே போய்ப் போடுங்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்துக் காம்பராவில் இன்னும் யாருக்கும் சொல்லாமல் மாசமாக இருக்கும் அந்தத் தங்கைக்காகவும் போடுங்கள்.