வண்டி நின்ற இடம்



மிஷனரித் தம்பதியரின் கடிதங்களில் பயணம் நிறைய உண்டு. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சேரிகளுக்கு மாட்டுவண்டிதான். துரை, துரைசாணி, கூடாரம், மருந்துப்பெட்டி. முதுமையும் காய்ச்சலும்கூடப் பதிவாகியிருக்கும். வண்டி ஓட்டியவர், சமைத்தவர், வழிகாட்டிய உபதேசியார், வீடு வீடாகப் போன வேதப்பெண் – இவர்களில் பலருக்குப் பெயரே இல்லை.

ஆனால் அந்த வண்டி சேரியில் நின்றது. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூரில் வில்லியம் கௌடியும் நம்மவர் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். தரிசுக்குப் பறையர் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை என்பதே அன்றைய விதி. 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை தந்தார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் அதிலிருந்து பிறந்தது.

இதை வெள்ளையர் போட்ட பிச்சை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். விண்ணப்பம் போட்டு, குடியிருந்த மனையையே இழக்கும் ஆபத்தை ஏற்றவர்கள் நம் முன்னோர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது நம் குரலுக்கு இடையாள் தேவைப்படவில்லை.

மாணவத் தோழர்களே, மிஷன் கடிதங்களை ஒரு கையிலும் உங்கள் ஊரின் அ-பதிவேட்டை மறு கையிலும் வைத்துப் படியுங்கள். டி.சி. நிலம் என்று எழுதிய சர்வே எண்ணில் இன்று யார் பெயர் இருக்கிறது? அந்தக் கேள்வியோடு தாலுகா அலுவலகம் போங்கள்.

ஜெய்பீம்.