பின்வரிசையில் இருந்தோர்



அமெரிக்க நாட்டின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஹெலினா என்றொரு சிற்றூர் உண்டு. 1941-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவ்வூரில் ஒரு வானொலி நிலையம் தோன்றிற்று. மாவு வணிகம் செய்த நிறுவனம் ஒன்று, தன் சரக்கை மக்கள் அறியும் பொருட்டு, நாள்தோறும் நண்பகலில் அந்நிலையத்தின் வாயிலாகப் பாட்டுக் கச்சேரி நடத்த முன்வந்தது. மாவின் பெயர் கிங் பிஸ்கட். நிகழ்ச்சிக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. ஆற்றின் இருமருங்கும் இருந்த பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் பகலுணவுக்காகக் கை ஓயும் வேளை அது. மாவும் விற்றது, அதனோடு புளூஸ் என்னும் இசையும் ஊர் ஊராகப் பரவிற்று. வானொலியில் பேசும் நமக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சியைத் தருகிறது என்பதை மறைப்பானேன்?

புளூஸ் என்ற சொல்லுக்கு மனச்சோர்வு என்று பொருள். ஆயினும் அதனைப் பாடுவோர் அழுதுகொண்டு பாடுவதில்லை. சோர்வைத் துரத்துவதற்காகவே பாடுகின்றனர். பாட்டின் அமைப்பு எளியது. மூன்றடிகள். முதலடியே இரண்டாம் முறையும் வரும்; மூன்றாமடி அதற்கு விடை கூறும். மூன்றுக்குமாகப் பன்னிரண்டு தாள அளவுகள். ஓர் அடிக்கு நான்கு. ஆனால் பாடகர் தம் சொற்களை இரண்டு அளவுகளிலேயே ஏறத்தாழ முடித்துவிடுவார். எஞ்சிய இடத்தில் கிதாரோ பியானோவோ மௌத்தார்கனோ மறுமொழி சொல்லும். ஆகவே பாட்டின் ஒரு பாதி பாடுவோர்க்கு உரியதென்றால், மறுபாதி அவர் அருகில் இருப்போர்க்கு உரியது. இதனை நினைவில் வைத்துக்கொண்டால், நாம் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

ஹெலினா நிலையத்தில் அவ்வாறு மறுமொழி சொன்னவர்களில் ஒருவர் ஜோ வில்லி பெர்க்கின்ஸ். 1913-ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பெல்சோனி என்ற ஊரில் பிறந்தவர். பைன்டாப் என்பது பின்னர் ஒட்டிக்கொண்ட பெயர். பைன்டாப் ஸ்மித் என்ற பியானோ கலைஞர் 1928-இல் பதிவு செய்த ஒரு மெட்டை இவர் திறம்பட வாசித்தமையால் அப்பெயர் இவருக்கும் வந்தது. தொடக்கத்தில் இவர் கிதாரும் வாசித்து வந்தார். ஹெலினாவில் நடனப் பெண் ஒருத்தி கத்தியால் குத்தியதில் இடக்கையின் தசைநார்கள் அறுபட்டன. கிதாரின் கம்பிகளை அழுத்தும் வலிமை அக்கைக்கு மீளவில்லை. அதன்பின் பியானோ ஒன்றையே பற்றிக்கொண்டார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஐக் டர்னருக்கு இளமையில் பியானோ சொல்லிக்கொடுத்தவரும் இவரே. மாணவர் முன்வரிசைக்குச் சென்றார். ஆசிரியர் பின்வரிசையிலேயே இருந்தார்.

இனி நாம் சிக்காகோவுக்குச் செல்லவேண்டும். 1910-க்கும் 1970-க்கும் இடையே அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை நீங்கி வடக்கு, மேற்கு நகரங்களில் குடியேறினர். பிழைப்பை நாடி ஊர் மாறிய நேயர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. அவ்வாறு 1943-இல் ரயிலேறிச் சிக்காகோ வந்தவர் மடி வாட்டர்ஸ். பருத்திப் பண்ணையில் உழைத்தவர். ஊரில் தனியே கிதார் மீட்டிப் பாடியவர். நகரத்து மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கிதாரின் ஒலி எடுபடவில்லை. மின்சாரக் கிதாரை எடுத்தார். குழு ஒன்றைச் சேர்த்தார். பியானோ, மௌத்தார்கன், பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகியவை ஒன்றுகூடிய அந்த வலிய இசையே பின்னர் சிக்காகோ புளூஸ் என வழங்கலாயிற்று.

1969-இல் அக்குழுவின் பியானோ கலைஞர் ஓட்டிஸ் ஸ்பான் விலகியபோது, அவ்விடத்தில் பெர்க்கின்ஸ் வந்தமர்ந்தார். அப்போது வயது 56. டிரம்ஸ் வாசித்தவர் வில்லி ஸ்மித். 1936-இல் அதே ஹெலினாவில் பிறந்து, பதினேழாம் வயதில் சிக்காகோ வந்தவர். இவர் முதலில் பயின்றது மௌத்தார்கன். வேலை கிடைத்தது டிரம்ஸில். ஆகவே அதற்கு மாறிக்கொண்டார். இடையில் ஒருமுறை, வருவாய் போதாமையால் குழுவை விட்டு விலகி, டாக்சி ஓட்டிப் பிழைத்துவிட்டுத் திரும்பியவர். பேஸ் கிதாருக்குக் கால்வின் ஜோன்ஸ். மௌத்தார்கனுக்கு ஜெர்ரி போர்ட்னாய் என்ற இளைஞர்.

இவர்கள் வாசிப்பின் அருமை யாது? வேகமன்று; விரல்வித்தையுமன்று. ஸ்மித்தின் தாளத்தில் ஒவ்வொரு தட்டும் மூன்று பங்காகப் பிரிந்து, நடுப்பங்கு ஒலியாமல் நிற்கும். நம் திச்ர நடையை அறிந்தோர்க்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் மடி வாட்டர்ஸ் தாளத்தோடு ஒட்டிப் பாடுபவரல்லர். சொல்லைச் சற்றுத் தாமதித்து விடுவார். மனம் சென்றால் அடியை நீட்டுவார். பன்னிரண்டு அளவு என்ற கணக்கும் சிலபோது பிசகும். பின்னிருப்போர் ஏட்டுக் கணக்கை நம்பினால் பாட்டு உடைந்துவிடும். அவர் முதுகையும் தோளையும் பார்த்தே, அவர் மூச்சு எங்கே முடிகிறது என்பதை அறிந்து, அங்கே கூடவேண்டும். காத்திருத்தல் என்பதே இவர்கள் கலை. அதனைக் கேட்போர் கவனிப்பதில்லை. கவனியாதபடி வாசிப்பதே அவர்கள் வெற்றி. கவனிக்கப்படாத வெற்றிக்கு ஊதியம் உயர்வதுமில்லை.

1977-ஆம் ஆண்டு முதல் மடி வாட்டர்ஸின் புகழ் மீண்டும் ஓங்கிற்று. அடுத்தடுத்து வந்த மூன்று இசைத்தட்டுகளுக்குக் கிராமி விருதுகள் கிட்டின. பயணங்கள் பெருகின. குழுவினர்க்கும் தலைவர் தரப்புக்கும் ஊதியம் பற்றிய பிணக்கும் முற்றிற்று. 1980 ஜூன் மாதம் குழுவினர் விலகினர். இதில் தலைவரைக் குற்றம் சொல்லித் தீர்த்துவிடுவது எளிது. ஆனால் அவரும், தாம் இயற்றிய பாட்டுகளுக்குரிய பணத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்னரே வழக்காட நேர்ந்தவர் என்பதை மறக்கலாகாது. மேலிருந்து குறைவாகப் பெற்றவர், கீழே குறைவாகக் கொடுத்தார். அவர் 1983-இல் காலமானார்.

விலகியவர்களில் பெர்க்கின்ஸ், ஸ்மித், ஜோன்ஸ், போர்ட்னாய் ஆகிய நால்வரும் லெஜெண்டரி புளூஸ் பேண்டு என்ற பெயரில் ஒரு குழு அமைத்தனர். 'சுகவாழ்வு' என்று பொருள்படும் பெயரோடு 1981-இல் அவர்களின் முதல் இசைத்தட்டு வந்தது. நன்றாக நகைக்கத் தெரிந்தவர்கள்! விளம்பரங்களில் 'நட்சத்திரக் குழு' என்ற சொல் அடிக்கடி காணப்படும். அச்சொல்லில் நமக்குச் சிறிது ஐயம் உண்டு. பெயர் பெற்ற பலரை ஒரே மேடையில் நிறுத்தினால், ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கும் போட்டியே பெரும்பாலும் மிஞ்சுகிறது. இந்நால்வர் குழு அத்தகையதன்று. எல்லாரும் பக்கவாத்தியக்காரர்கள். உள்ளபடி சொன்னால், அவர்களின் குறையும் அதுவே: மடி வாட்டர்ஸின் குரல் இருந்த நடுவிடம் வெறுமையாகவே இருந்தது. மாறி மாறிப் பாடிப் பார்த்தனர்; அவ்விடம் நிரம்பவில்லை. வாசிப்போ கட்டுக்குலையாமல் நின்றது.

பெர்க்கின்ஸ் பின்னர் தனியே சென்றார். 1988-இல், 75-ஆம் வயதில், அவர் பெயரைத் தாங்கிய 'ஆஃப்டர் அவர்ஸ்' என்ற தட்டு வெளிவந்தது. பிறர் ஓய்வு பெற்று முடித்த வயதில் அவர் முன்வரிசைக்கு வந்தார். 2004-இல் இந்தியானா மாநிலத்தில் அவர் ஓட்டிச் சென்ற காரின்மீது ரயில் மோதிற்று. கார் நொறுங்கிற்று; 91 வயதுக் கிழவர் பெருங்காயமின்றித் தப்பினார்.

அதே ஆண்டு அக்டோபரில் டல்லஸ் நகரில் நான்கு முதியோர் ஒரு மேடையில் தோன்றினர். பெர்க்கின்ஸ் ஒருவர். 1941-இல் ஹெலினா வானொலியில் தொடக்கத்திலேயே வாசித்தவரான ராபர்ட் லாக்வுட் மற்றொருவர். 1942-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு செய்யப்பெற்ற ஹனிபாய் எட்வர்ட்ஸ் மூன்றாமவர். 1929-இலேயே இசைத்தட்டில் பாடிய ஹென்றி டவுன்செண்டு நால்வரில் மூத்தவர், 95-ஐ எட்டிக்கொண்டிருந்தார். இளையவர்க்கு 89. அக்கச்சேரியின் பதிவைக் கேட்கையில் சில இடங்களில் விரல் தடுமாறுவதும் குரல் மெலிவதும் தெரிகின்றன. அவற்றை மறைக்க யாரும் முயலவில்லை, அது நல்லதாயிற்று. அத்தட்டுக்குக் கிராமி விருது கிட்டியது 2008-இல். டவுன்செண்டும் லாக்வுட்டும் 2006-லேயே மறைந்துவிட்டனர். பரிசைக் காண இருவரே எஞ்சியிருந்தனர்.

2010-இல் பெர்க்கின்ஸும் ஸ்மித்தும் சேர்ந்து 'ஜாயிண்ட் அட் தி ஹிப்' என்ற தட்டை வெளியிட்டனர். அது 2011 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. பெர்க்கின்ஸுக்கு அப்போது 97 வயது. அதுகாறும் அவ்வளவு முதிய வயதில் யாரும் அவ்விருதைப் பெற்றதில்லை. மறுமாதமே அவர் ஆஸ்டின் நகரில் காலமானார். ஆகஸ்டில் எட்வர்ட்ஸ் மறைந்தார். செப்டம்பரில் ஸ்மித். டிசம்பரில், மற்றொரு பெரும்பாடகரான ஹவுலின் வுல்ஃபுக்கு நெடுங்காலம் கிதார் வாசித்த ஹியூபர்ட் சம்லின். ஒரே ஆண்டில் ஒரு வரிசை முழுவதும் எழுந்து சென்றது போலாயிற்று.

அந்தக் கடைசித் தட்டில் ஸ்மித் டிரம்ஸ் வாசிக்கவில்லை. பிழைப்புக்காக இளமையில் கைவிட்ட மௌத்தார்கனை மீண்டும் எடுத்து, முன்னே நின்று பாடினார். பின்னே டிரம்ஸின் முன் அமர்ந்திருந்தவர் அவர் மகன் கென்னி.