ஊர்ப்பணமும் ஊரவையும்

(கோவில்பட்டியில் நிகழ்ந்த தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இலக்கணம் நடத்தும் இவனுக்கு நகராட்சியின் வரவு செலவில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஒரு சொற்றொடரில் வினைமுதல் மறைந்திருப்பின், செய்தவர் யார் என்று மாணவரைக் கேட்பது எம் வழக்கம். 'சாலை போடப்பட்டது, பணம் செலவிடப்பட்டது' என்றால், போட்டவர் யார்? செலவிட்டவர் யார்? அப்பணம் யாருடையது? வகுப்பில் கேட்கும் அவ்வினாவையே இன்று ஊரவை முன் வைக்கின்றேன்.

நம் ஊர் 1964-இல் நகராட்சி ஆயிற்று. வார்டு என வழங்கும் நகர்வட்டங்கள் 36. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கு வாழ்ந்தோர் 95,057 பேர். கரிசல், பெய்த மழையைத் தன்னுள் தேக்கிப் பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் ஊட்டும் மண். ஆயினும் மாந்தர் குடிப்பதற்குப் பொருநைக் கரையிலுள்ள சீவலப்பேரியினின்று குழாய்வழி நீர் வரவேண்டும். அந்நீர் தானாக நடந்து வாராது. மின்கட்டணம், குழாய்ச் செப்பம், பணியாளர் சம்பளம் ஆகிய மூன்றும் சேர்ந்தே நம் வீட்டுக் குடத்தில் ஒரு குடம் நீராக நிறைகின்றன. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி பிழைத்தால் ஒரு தெருவின் குடம் வெறுங்குடமாகும்.

இதற்கான பணம் எங்கிருந்து வருகின்றது? சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, மாநில நிதி ஆணையத்தின் வழி வரும் பங்கு ஆகியவற்றால் வருகின்றது. 2022 ஏப்பிரலில் மாநில அரசு சொத்துவரியை உயர்த்தியது. நம் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் கூடின. தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கும் தாயும் வரி செலுத்துகின்றாள். செலுத்துபவளுக்குக் கேட்கும் உரிமை இல்லையா?

அவ்வுரிமை ஒருகால் ஐந்தாண்டுக்கு மேல் உறங்கிற்று. நகராட்சிக்கு ஐந்தாண்டே காலம் என்றும், அது முடியுமுன் தேர்தல் நடத்தல் வேண்டும் என்றும் 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் விதிக்கின்றது. இருந்தும் 2016 அக்தோபரில் காலம் முடிந்த தமிழக நகராட்சிகளுக்கு 2022 பிப்பிரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்களே ஆண்டனர். தெருவிளக்கு எரியவில்லையெனில், 'நாங்கள் ஒப்போலை இட்டோமே' என்று எவர் வாயிலிற் போய் நிற்பது?

நமக்கு இது புதுமையன்று. நம் நெல்லைச் சீமையின் மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. அஃது ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமையது. எடுத்ததற்கெல்லாம் 'அன்று, அன்று' என்று மறுத்து அவையைக் குலைப்போரும், அவருக்குத் துணைநிற்போரும் ஐந்து காசு ஒறுப்புக் கட்டவேண்டும் என்று அது விதித்தது. அவ்வவை நிலமுடைய, மறையோதிய பார்ப்பனர்க்கே உரியதாய் இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். உழுதவனை வெளியே நிறுத்திய அவ்வேலி நமக்கு வேண்டா. மறுப்பவன் காரணங் கூறுக என்னும் அவ்வொழுங்கு வேண்டும். ஆனால் அவ்வொழுங்கைக் காட்டி, காரணத்தோடு மறுப்பவன் வாயை அடைத்தலும் ஆகாது.

வேறோர் ஊரில் யான் பணியாற்றுங்கால், என் மாணவன் ஒருவனின் தாய் வரித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "ஐயா, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். பாதி ஆங்கிலம், மீதி குறியெழுத்து. முப்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கும் விளங்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கையில் நாணினேன். 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றினோம். அத்தாய்க்குப் புரியாத கணக்கு, பூட்டிய பெட்டிக்குள் வைத்த கணக்கேயாகும்.

ஆதலின் மூன்று வேண்டுகின்றேன். முதலாவது, திட்டம் அவையேறு முன்னரே, எந்த வட்டத்துக்கு எவ்வளவு, எதற்கு என்பதை எளிய தமிழில் அந்தந்த வட்டத்துப் பொதுச்சுவரில் எழுதுக. இரண்டாவது, 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களிற் கூடத் தொடங்கிய பகுதி அவைகளில் அக்கணக்கைப் படித்துக் காட்டுக. மூன்றாவது உங்களுக்கு. வரியைக் காலத்திற் செலுத்துக, கூட்டத்துக்குச் செல்க, வினவுக. வீட்டிலிருந்து ஏசுதல் எளிது. எழுந்துநின்று, "இந்த வாய்க்காலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே?" என்று கேட்டலே குடிமை.

கேளாத ஊரில் கணக்கு இருண்டுபோம். கேட்கும் ஊரில் நல்ல உறுப்பினருக்கும் வலிமை பிறக்கும். நாளை உங்கள் வட்டத்து உறுப்பினரைக் காணுங்கால் வணக்கம் கூறுக. அடுத்து அந்த ஒரு வினாவைக் கேட்க.

வாழ்க தமிழ்! வளர்க ஊர்நலம்!