ஜல்லி பார்த்து இறக்குவோம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சித்தாளாகப் போய், கொத்தனார் வேலை கத்துக்கிட்டவ நான். குழுக் கடனும் கலைஞர் கனவு இல்லத் தொகையும் சேர்த்து நம்மில் பலர் இப்போது வீடு கட்டுகிறோம். சிமெண்ட் எந்தக் கம்பெனி, கம்பி எத்தனை எம்.எம். என்று கேட்கிறோம். ஜல்லி என்ன சைஸ் என்று யாரும் கேட்பதில்லை. கான்கிரீட்டில் பாதிக்கு மேல் அந்த ஜல்லியும் மணலும்தான்.

டெல்டாவில் தோண்டினால் வண்டலும் களிமண்ணும்தான். பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் புதுக்கோட்டை, திருச்சி பக்கத்துக் குவாரி ஜல்லிதான் லாரியில் வருகிறது. வந்ததைத் திருப்பி அனுப்ப மனசு வராது. அதனால் இறக்கும் முன்பே பாருங்கள்.

பெரிய கல் போட்டால் பலம் கூடும் என்பார்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு ஒன்றரை ஜல்லி (40 மி.மீ.) சரி. கூரைத் தளத்துக்கு அது ஆகாது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கல் சிக்கிக்கொள்ளும். கலவை கீழே இறங்காது. நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் பலகையைப் பிரித்தபோது தேன்கூடு மாதிரி ஓட்டை, உள்ளே கம்பி தெரிந்தது. மேலே பூசி மறைத்தார்கள். நம்ம ஊர் ஈரத்தில் அந்தக் கம்பி துருப்பிடித்து உப்பினால் காரை பெயர்ந்து விழும்.

ஐ.எஸ். 456 என்ற அரசுத் தர விதி, தளத்தின் கனத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கல் இருக்கக் கூடாது என்கிறது. 5 அங்குலத் தளத்துக்கு 31 மி.மீ. வரைதான். பெரும்பாலான வேலைக்கு முக்கால் ஜல்லி (20 மி.மீ.) போதும்.

அப்போ அரை ஜல்லி (12 மி.மீ.) மட்டும் போட்டால்? கல் சின்னதானால் மூட வேண்டிய மேல்பரப்பு கூடும். சிமெண்டும் தண்ணியும் கூடக் கேட்கும். சிமெண்டைக் கூட்டாமல் தண்ணியை மட்டும் ஊத்தினால் பலம் போச்சு. தேங்காய்க் கூடையின் இடுக்கில் எலுமிச்சை நிறைகிற மாதிரி, முக்காலோடு கொஞ்சம் அரை கலந்தால் இடைவெளி குறையும். கம்பி நெருங்கிய பீம், தூண் மூட்டுகளில் அரை ஜல்லி கூடுதலாக இருக்கலாம்.

லோடு வந்ததும் ஒரு கை அள்ளி, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தட்டையும் ஊசியுமாக இருந்தாலோ, கையில் தூசி ஒட்டினாலோ கேள்வி கேளுங்கள். தூசி படிந்த கல்லை சிமெண்ட் பிடிக்காது.

வாரா வாரம் சேமித்து, தவணை கட்டி எழுப்புகிற கூரை இது. கேட்கிற உரிமை நமக்கு உண்டு.