மலையேறச் சிறை சென்றவர்



இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர்போன நகரம். வாரமெல்லாம் புகையில் வெந்த தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். அன்று கூட்டம் கூட்டமாகப் பக்கத்துப் பீக் மலைப்பகுதிக்கு நடக்கப் போவார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் பென்னி ரோத்மன். ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை, மோட்டார் பட்டறைத் தொழிலாளி. பழைய உதிரிபாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய சைக்கிளில் ஊர்சுற்றியவர்.

அந்த மலைகளில் உயரமானது கிண்டர் ஸ்கௌட், 636 மீட்டர். ஆனால் அது பிரபுக்களின் வேட்டை நிலம். ஆண்டில் சில நாட்கள் குரௌஸ் பறவைகளைச் சுடுவதற்காக, ஆண்டு முழுவதும் காவலாட்களை வைத்து மக்களை விரட்டினார்கள்.

ரோத்மனும் நண்பர்களும் எல்லோரும் சேர்ந்து ஏறிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 1932 ஏப்ரல் 24. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்க, அவர் சைக்கிளிலேயே ஹேஃபீல்ட் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கூட்டத்தில் பேச வேண்டியவர் பின்வாங்கிவிட்டார். ரோத்மனுக்கு வயது 20, சிறிய உருவம். அவர்தான் கல்குவாரிப் பாறைமேல் ஏறிப் பேசினார். சுமார் 400 பேர் மலையேறினார்கள். காவலாட்களோடு சிறு கைகலப்பு நடந்தது.

பிறர் நிலத்தில் நடப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றவியல் குற்றமே இல்லை. அதனால் கலகம் செய்ததாக வழக்குப் போட்டார்கள். டெர்பி நீதிமன்ற ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் நிறைந்திருந்தார்கள். ரோத்மன் வக்கீல் இல்லாமல் தாமே வாதாடினார். நான்கு மாதச் சிறை கிடைத்தது. இன்னும் நால்வருக்கும் தண்டனை.

உழைப்பவனுக்குக் கூலியும் சோறும் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவனுக்கு ஒரு மலையும் வேண்டும் என்று ரோத்மன் நினைத்தார். அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

தீர்ப்பைக் கேட்டு நாடே கொதித்தது. அதுவரை விலகி நின்ற நடைப்பயணச் சங்கத்தாரின் மனமும் இளகியது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது அதே பீக் பகுதிதான். மலையிலும் தரிசுவெளியிலும் தடையின்றி நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அதையும் ரோத்மன் பார்த்துவிட்டார்.

2002 ஜனவரியில், தம் 90ஆம் வயதில் அவர் காலமானார். அன்றைய நில உடைமையாளரின் பேரனான டெவன்ஷயர் பிரபு, அதே ஆண்டு ஏப்ரலில் ஹேஃபீல்டுக்கு வந்து, தம் தாத்தா செய்தது பெருந்தவறு என்று மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்.