கடுகளவு உண்ணி

இன்று குரங்குக் காய்ச்சல் பற்றிப் பேசுவோம்.

பேரைக் கேட்டதும் குரங்கின் மேல் கோபம் வரும். பொன்முடிப் பக்கம் குரங்கைக் கண்டால் கல்லெடுப்பவர்கள் உண்டு. ஆனால் குரங்கு பாவம். இந்த நோயில் முதலில் சாவது அதுதான்.

1957-ல் கர்நாடகத்தில் சிமோகா மாவட்டம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பக்கத்து ஊர் மக்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. மஞ்சள் காய்ச்சலோ என்று முதலில் பயந்தார்கள். அது இல்லை. புனேயில் உள்ள வைரஸ் ஆய்வு நிலையத்தார் சோதித்தார்கள். புதிய வைரஸ் கிருமி என்று தெரிந்தது. ருசியாவில் உண்ணி கடித்து மூளைக் காய்ச்சல் வருகிறதே, அந்தக் கிருமியின் இனம்தான் இதுவும்.

கிருமியைப் பரப்புவது உண்ணி. மாட்டின் மேல் பெரிதாகத் தொங்குமே, அந்த உண்ணியின் குஞ்சு கடுகைவிடச் சிறியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. குரங்கு செத்ததும் உண்ணிகள் அதன் உடம்பை விட்டு இறங்கும். சருகில் காத்திருக்கும். அந்த வழியாக விறகு பொறுக்கப் போகிறவர் காலில் ஏறும். மழை ஓய்ந்த பிறகு, வெயில் காலம் முடியும் வரை இந்த ஆபத்து அதிகம்.

அது கர்நாடகத்து நோய்தானே என்று நினைக்கலாம். 2013-ல் நம் கேரளத்தில், வயநாட்டில் இந்த நோய் வந்தது. 2015-ல் அங்கே நூறு பேருக்கு மேல் படுத்தார்கள். 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காட்டை நம்பிப் பிழைக்கும் ஆதிவாசிகள். காட்டுக்குப் போகாதே என்று அவர்களிடம் சொல்வது எளிது. அடுப்புக்கு விறகு யார் தருவார்?

உண்ணி கடித்து மூன்று முதல் எட்டு நாளில் திடீரென்று காய்ச்சல் அடிக்கும். தலை பிளக்கும். உடம்பெல்லாம் வலிக்கும். சிலருக்கு மூக்கில், ஈறில் இரத்தம் வரும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று இருக்கும்போது, ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிலருக்கு மறுபடி வரும். அப்போது மூளை பாதிக்கும். கை நடுங்கும், புத்தி தடுமாறும். நூறு பேருக்கு வந்தால் மூன்று முதல் ஐந்து பேர் இறந்துபோகலாம்.

இந்தக் கிருமியைக் கொல்லத் தனி மருந்து இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கவனித்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கர்நாடகத்தில் பல வருடம் தடுப்பூசி போட்டார்கள். அதில் போதிய பலன் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். புதிய ஊசிக்கு ஆராய்ச்சி நடக்கிறது.

இன்னொன்று. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நோயாளிக்குப் பயப்படாமல் கஞ்சி கொடுக்கலாம்.

காட்டுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். காலை மூடிக்கொள்ளுங்கள். சருகில் உட்காராதீர்கள். தொழுவத்தில் பரப்பக் காட்டுச் சருகை அள்ளி வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். உடம்பில் உண்ணி இருந்தால் விரலால் நசுக்க வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுங்கள். செத்த குரங்கைக் கண்டால் தொடாதீர்கள். சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அவர்கள் அந்த இடத்தைச் சுற்றி மருந்துப் பொடி தூவுவார்கள்.

காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், "நான் காட்டுக்குப் போயிருந்தேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.