நிபந்தனைக்குக் காவல் யார்?



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது மகிழ்ச்சி வந்தது. கூடவே கொஞ்சம் நடுக்கமும் வந்தது. எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் வருவாய் நிலை ஆணைகளைப் பத்தி எண்ணோடு சொல்லக்கூடியவர்கள். மீதிப் பேர் அதே ஆணைகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர்கள். உங்கள் முன் ஒப்படை என்றால் என்ன, குத்தகை என்றால் என்ன என்று பாடம் நடத்தும் துணிச்சல் எனக்கு இல்லை.

கருத்தரங்கின் பொருள் 'பொது நிலத்தை விற்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்குமான விதிகள்'. ஏலம் வேண்டுமா வேண்டாமா என்பது பற்றி ஓர் அமர்வு முழுவதும் இருக்கிறது. ஏலமோ விண்ணப்ப அழைப்போ இல்லாமல் வேண்டியவர்களுக்கு நிலம் கொடுப்பதை 2011-இல் போபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்ததும், ஏலம் ஒன்றே வழியல்ல என்று 2012-இல் குடியரசுத் தலைவரின் கேள்விக்குப் பதிலாக அதே நீதிமன்றம் கருத்துரைத்ததும் உங்களுக்குத் தெரிந்தவை. குத்தகை அமர்வில் கிண்டி குதிரைப் பந்தய மைதானம் கட்டாயம் வரும். 1946-இல் எழுதிய 99 ஆண்டுக் குத்தகை, 160 ஏக்கர், ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகை, 2024 செப்டம்பரில் குத்தகை ரத்து. இளம் ஆய்வாளர்களுக்கு இதைவிடச் சுவையான வழக்கு கிடைக்காது. சிப்காட் மனைகளின் 99 ஆண்டுக் குத்தகை பற்றியும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்களே பேசட்டும்.

எனக்குத் தந்த நேரத்தை நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றுக்குச் செலவிட விரும்புகிறேன். பொது நிலத்தை நிபந்தனையோடு கொடுப்பது என்ற பேச்சில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய அனுபவம், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலம்தான். அது நிரலில் இல்லாததற்கு அமைப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். தலித் வரலாறு என்ற அலமாரியில் அதை வைத்துப் பூட்டியவர்கள் நாம்தான். நிலச் சட்டம் படிப்பவர்கள் அந்த அலமாரிப் பக்கம் போவதில்லை.

கதையின் தொடக்கம் எல்லோருக்கும் தெரியும். செங்கற்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டுப் பறையர் தர்க்காஸ்து போட்டால், மிராசுதாரருக்கு இருந்த முன்னுரிமை குறுக்கே நின்று அதை எப்படி வீணாக்கியது என்று அதில் காட்டினார். 1892 செப்டம்பர் 30-இல், அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை 1010 வந்தது. நம்மில் பலர் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். நல்ல உள்ளம் கொண்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஓர் ஆணை, 12 லட்சம் ஏக்கர். அந்த எண்ணை எந்தப் பதிவேட்டிலிருந்து கூட்டினீர்கள் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரின் கட்டுரையைக் காட்டுகிறார். அந்தக் கருணைக் கதையைக் கேள்விக்குள்ளாக்கிய வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத்தின் நூல் 2014-இல் வந்த பிறகும் அதை மாற்றமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. நூலகம் அடுத்த கட்டடத்தில்தான் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நான் பார்க்கச் சொல்வது ஆணை வந்த ஆண்டை அல்ல, அதன் நிபந்தனையை. வருவாய் வாரியத்தின் நிலை ஆணை 15 வழியாக நமக்கு வந்திருக்கும் நிபந்தனைக்கு இரண்டு பாகம் உண்டு. முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பின் மாற்றுவதானால் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே மாற்றலாம். பத்தாண்டு முடிந்தால் நிலம் கட்டவிழ்ந்துவிடும் என்று பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு மேடையில் மூத்த வழக்குரைஞர் ஒருவர் நயமாக வாதிட்டார். நிபந்தனையின் முதல் பாதியை அவர் படித்த அழகை இன்றும் ரசிக்கிறேன். இரண்டாம் பாதியை அன்று மாலையாவது படித்திருப்பார் என்று நம்புகிறேன். நிபந்தனையை மீறிய மாற்றம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது.

அந்த வழக்குரைஞரின் இன்னொரு வாதம் கனமானது. சொத்து மாற்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, விற்கவே கூடாது என்ற முழுத் தடையைச் செல்லாததாக்குகிறது. அப்படியிருக்க அரசு மட்டும் எப்படித் தடை போடலாம்? இதற்கு விடை, 2018-இல் நீக்கப்பட்ட 1895-ஆம் ஆண்டின் அரசு மானியங்கள் சட்டத்தில் இருந்தது. அதன்படி அரசு வழங்கிய நிலத்துக்குச் சொத்து மாற்றச் சட்டம் பொருந்தவில்லை. வழங்கிய ஆணையின் வாசகப்படியே உரிமை நின்றது. ஆகவே தடை சரியா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. அதிலேயே நாற்பது ஆண்டுகள் சுற்றினோம். அதற்குள் நிலம் கைமாறிப் போனது.

போன விதத்தைப் பார்க்க வேண்டுமானால் கிராம 'அ' பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் தலைகாட்டாத ஆவணம் இது. புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் 'குறிப்பு' என்றொரு கலம் இருக்கும். பழைய பதிவேடுகளில் அந்தக் கலத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைக் குறிக்கும் 'டி.சி.' என்று எழுதியிருக்கும். சிலவற்றில் சிவப்பு மையில். அந்த நிலத்தின் நிபந்தனை முழுவதும் அந்த இரண்டு எழுத்தில்தான் தொங்குகிறது. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. புல எண்ணும் பரப்பும் பிசகாமல் புதிய பதிவேட்டுக்கு வந்த இடங்களிலும் குறிப்புக் கலம் வெறுமையாக வந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பட்டாதாரர் பெயரும் மாறியிருந்தது. அதை வைத்து வில்லங்கச் சான்று எடுத்தால் எந்த வில்லங்கமும் தெரியாது. வாங்குபவர் நிம்மதியாக வாங்குவார். வங்கியும் கடன் கொடுக்கும்.

எழுத்தர் ஒருவரின் கவனக்குறைவு என்று இதை விட்டுவிட முடியாது. நிபந்தனை போட்ட விதியில், அது காப்பாற்றப்படுகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் அழுத்தமாகத் தரப்படவில்லை. ஜமாபந்தியில் தீர்வை பாக்கி கணக்கு கேட்பார்கள், புறம்போக்கில் குடிசை போட்டால் 'பி' மெமோ வரும், டி.சி. நிலத்தில் யார் உழுகிறார் என்று கேட்க ஆளில்லை. அந்த நிபந்தனையை வைத்திருந்த வருவாய் வாரியத்தையே 1980-இல் கலைத்தார்கள். ஆணை மட்டும் அப்படியே நிற்கிறது. அது சட்டமன்றம் இயற்றிய சட்டமும் அல்ல.

அண்டை மாநிலங்கள் இந்த இடத்தில் நம்மை முந்திவிட்டன. ஆந்திரம் 1977-இலும் கர்நாடகம் 1978-இலும் தனிச் சட்டம் இயற்றின. மீறி விற்ற நிலத்தை மீட்டு, முதலில் பெற்றவருக்கோ அவர் வாரிசுக்கோ திருப்பித் தர இரண்டும் வழி செய்தன. கர்நாடகச் சட்டத்தை 1984-இல் மஞ்சேகௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதைக் கொண்டாடுபவர்கள் தீர்ப்பில் உள்ள ஒரு விலக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சட்டம் வருவதற்கு முன்பே காலாவதியால் உரிமை முழுமை பெற்றுவிட்டவர்களை அந்தச் சட்டம் தொடாது என்றது நீதிமன்றம். அரசுக்கு எதிராக அந்தக் காலம் 30 ஆண்டு. அதாவது, சட்டம் இயற்றாமல் நாம் கடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வாங்கியவர் பக்கம் கணக்கு ஏறுகிறது. குழு அமைத்தாயிற்று, ஆய்வு நடக்கிறது என்று பதில் வரும்போதெல்லாம் எனக்கு அந்த 30 ஆண்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

2023-இல் நடந்ததையும் கவனியுங்கள். மீட்பு கேட்டு மனு போட காலவரம்பு கிடையாது என்று கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு ஆந்திரம், ஒப்படை பெற்று 20 ஆண்டு கடந்தால் விற்கலாம் என்று திருத்தியது. ஏழைக்கும் சந்தை வேண்டும் என்று ஆந்திர வழியை ஆதரிக்கும் பொருளியல் நண்பர்களோடு எனக்கு நீண்ட நாள் சண்டை உண்டு. நிலத்தை ஏற்கெனவே பாதி விலைக்கு இழந்தவரிடம் 'இனி நீ சுதந்திரமாக விற்கலாம்' என்று சொல்வதில் யாருக்கு லாபம் என்பதை அவர்கள் இன்னும் எனக்கு விளக்கவில்லை. நாளை பிற்பகல் அமர்வில் விளக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

நம் மாநிலத்திலோ, காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அதன்பின் அரசுகள் மாறின. பஞ்சமி நிலத்துக்கென ஒரு தனிச் சட்டம் மட்டும் தமிழ்நாட்டில் வரவில்லை.

தலைமை உரைக்கு உரிய நேரத்தைத் தாண்டிவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். நாளை மாலை நிறைவு விழாவில் வழக்கமான நன்றித் தீர்மானங்களோடு இரண்டைச் சேர்த்து நிறைவேற்றுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடுகள் வட்ட அலுவலகங்களில் கறையான் தின்னும் முன் மாவட்டவாரியாகப் படமெடுக்கப்பட வேண்டும். மீட்ட நிலம் அரசுக் கணக்கில் தேங்காமல் பெற்றவரின் வாரிசுக்கே திரும்ப வழிசெய்யும் சட்டம் வேண்டும். முதல் தீர்மானத்துக்கான வேலையை அரசுக்காகக் காத்திராமல் உங்கள் மாணவர்களை வைத்து அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.